ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் முதலில் காதைப் பாருங்கள்

ராஜபாளையம் நாய்க்குட்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்வி. பால்வெள்ளையா? மூக்கு ரோஸா? இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால் பணம் கைமாறிவிடுகிறது. குட்டிக்குக் காது கேட்கிறதா என்று கேட்கிறவர் அபூர்வம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் கயிறு மாற்றுவதில்லை. ராத்திரிக் காவலுக்கு என்று வாங்குகிற நாயிடம் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். அந்தப் பெருமை நமக்கெல்லாம் உண்டு. ஆனால் அந்த வெள்ளை நிறத்தைத் துரத்தித் துரத்தியே இந்த இனத்தின் காதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காரணம் இதுதான். முடி வெள்ளையாவது நிறமிச் செல்கள் இல்லாததால்தான். அந்தச் செல்கள் தோலுக்கும் முடிக்கும் மட்டும் வேலை செய்வதில்லை. உள்காதில் நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் பகுதியிலும் அவை இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்து மூன்று, நான்கு வாரத்தில் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் சுருங்கி, ஒலியை உணரும் செல்கள் செத்துப்போகும். போனது திரும்ப வராது. மருந்தும் கிடையாது. டால்மேஷியன், அர்ஜென்டினாவின் டோகோ என்ற வெளிநாட்டு நாய் இனங்களிலும் இதே பிரச்சினை உண்டு. டால்மேஷியனில் நீலக் கண் உள்ள குட்டிகளுக்குச் செவிடு அதிகம் என்றும், பிறக்கும்போதே பெரிய கருந்திட்டு உள்ள குட்டிகளுக்குக் குறைவு என்றும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நாமோ புள்ளி விழுந்த குட்டியை "கலப்பு" என்று ஒதுக்குகிறோம். பூனைக்கண் குட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். ராஜபாளையத்துக்கு உரிய கண் பொன் நிறம். நீலம் அழகு என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

சோதிப்பது எப்படி? ஈத்து முழுவதும் ஒன்றாகக் கிடக்கும்போது கை தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. செவிட்டுக் குட்டி மற்ற குட்டிகளைப் பார்த்து அதுவும் எழுந்து ஓடிவரும். ஆறு, ஏழு வார வயதில் ஒரு குட்டியைத் தனியாக அமைதியான அறைக்குக் கொண்டுபோங்கள். அது வேறெதிலோ கவனமாக இருக்கும்போது, பின்பக்கம் அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தரையில் தட்டக் கூடாது, அதிர்வு குட்டிக்கு எட்டிவிடும். கையை வீசிக் காற்று படவும் விடக் கூடாது. இடமும் வலமும் மாற்றி மாற்றி, நிமிட இடைவெளி விட்டு, ஐந்தாறு முறை செய்யுங்கள். பிறகு அது தூங்கும்போது ஒருமுறை. கேட்கிற குட்டியின் காது மடல் முதலில் அசையும், அப்புறம்தான் தலை திரும்பும். ஒலி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே பக்கமாகத் திரும்பினாலோ, எங்கிருந்து என்று தெரியாமல் முழித்தாலோ ஒரு காது போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரு காது மட்டும் கேளாத நாயை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். ஒலிக்கு மூளை காட்டும் மின் அலையை அளக்கும் பேயர் (BAER) சோதனை ஒன்றுதான் அதை உறுதியாகச் சொல்லும். அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. ஆனாலும் இணை சேர்க்கப்போகும் நாய்க்காவது அலைந்து செய்துவிட வேண்டும். ஒரு காது கேளாத நாய் வீட்டில் நன்றாகவே வாழும், வளர்க்கலாம். குட்டி எடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளையாட்டில் கடிபட்ட குட்டி கீச்சிட்டால், கடித்த குட்டி விட்டுவிடும். செவிட்டுக் குட்டிக்கு அந்தக் கீச்சு கேட்காது. விடாமல் கடிக்கும். இதைப் பார்த்து "என்ன வீரியம்!" என்று அதையே தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து உடல். கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் பக்கத்து வேட்டை நாய்கள் எல்லாம் முயல் விரட்ட இழைத்த உடம்பு. ராஜபாளையம் காட்டுப் பன்றியை மறித்து நிறுத்திய நாய், எலும்பும் நெஞ்சும் கூடுதலாக இருக்கும். 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி இன்று வேட்டை குற்றம். இனி இதன் வேலை தோப்பும் பண்ணையும் காப்பதுதான். அதற்கும் அதே உடல்தான் வேண்டும். தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. போதும். கடுவன் மேல் அளவில், பெட்டை கீழ் அளவில். இதற்கு மேல் உயரம் தேடினால் கால் நீளுகிறதே தவிர நெஞ்சு கூட வருவதில்லை. நெஞ்சு முழங்கை மட்டத்துக்கு இறங்க வேண்டும். இரண்டு முன்னங்காலுக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். வயிறு ஏறி ஒட்டியிருக்க, கடைசி இரண்டு விலா லேசாகத் தெரிந்தால் சரியான வாட்டம். பாதம் இறுகி, விரல் வளைந்திருக்க வேண்டும். விரல் பரந்து பாதம் தட்டையாக இருந்தால் கரம்பையிலும் கல்லிலும் சீக்கிரம் நொண்டும்.

நிற்க வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து இருபது அடி துள்ளுநடை விடச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். பின்னங்கால் முட்டிகள் உள்பக்கம் உரசினால் வேண்டாம். பால்சோறு மட்டுமே தின்று வளர்ந்த குட்டிகளுக்கு முன்னங்கால் வில்லாக வளைவதும் சாதாரணம். அது வம்சக் குறையா, தீனிக் குறையா என்று தாயையும் தகப்பனையும் பார்த்தால் ஓரளவு புரியும். வளைந்துவிட்டதே என்று கால்சியத்தை நம் இஷ்டத்துக்கு ஊற்றினால், எலும்பு இன்னும் கெடும்.

நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தின்றவுடன் ஓட விடாதீர்கள். வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்து வயிறு உப்பினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். ரோஸ் மூக்கும், காது ஓரமும், முடி குறைந்த அடிவயிறும் வெயிலில் வெந்துபோகும். வருஷக்கணக்கில் அப்படி வெந்தால் அந்த இடத்தில் தோல் புற்று வரக்கூடும். பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை நிழல் கட்டாயம்.

குணத்தில் இது ஒரே வீட்டாரிடம் மட்டும் ஒட்டும் நாய். அந்நியர் தொட்டால் பிடிக்காது, அது குறையே அல்ல. ஆனால் சந்தேகம் வேறு, பயம் வேறு. நல்ல காவல் நாய் வருகிறவருக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்து நிற்கும். உடல் எடை முன்பக்கம் இருக்கும், வால் மட்டமாக நீண்டிருக்கும். எசமானர் "விடு" என்றதும் குரலை இறக்கும். பயந்த நாய் வாலை இடுக்கிப் பின்வாங்கிக்கொண்டே குரைக்கும், கண்ணோரம் வெள்ளை தெரியும், ஆள் முதுகைக் காட்டியதும் பாய்ந்து குதிகாலைக் கடிக்கும். இதை "கோபக்கார நாய்" என்று பாராட்டுகிறோம். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குழந்தைகள், தலைப்பாகை கட்டியவர், மோட்டார் சத்தம், ஆடு, கோழி எல்லாம் பார்த்து வளர்ந்தால் பயம் குறையும். அந்த வயதில் சங்கிலியில் கட்டிப்போட்டால் பிறகு எந்தப் பயிற்சியாளரிடம் விட்டாலும் பாதிதான் தேறும்.

குட்டி எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணன் தங்கையைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது தாய், தகப்பன் இருவர் வழியாகவும் ஒரே முன்னோரின் அதே மரபணு வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். தகப்பனும் மகளும் சேர்ந்தாலும் அதே 25. தகப்பன் மட்டும் ஒன்றான கடுவனையும் பெட்டையையும் சேர்த்தால் 12.5. ஊருக்குள் பேர் எடுத்த ஒரு கடுவனுக்கே எல்லாப் பெட்டைகளையும் கொண்டுபோனால் மூன்றாம் தலைமுறையில் சேர்க்க வேறு ரத்தம் இருக்காது. ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ஈத்திலும் எத்தனை குட்டி, எத்தனைக்குக் காது கேட்டது, எத்தனைக்குப் புள்ளி இருந்தது, எத்தனை செத்தது என்று எழுதி வையுங்கள். வாங்க வருகிறவர் கேட்டால் அந்த நோட்டைக் காட்டுங்கள். மூக்கில் கரும்புள்ளி இருந்தாலும் இரண்டு காதும் கேட்டு, கால் நேராக நிற்கிற பெட்டை என்றால் தயங்காமல் குட்டி எடுங்கள். அந்தக் குட்டிகளை ரோஸ் மூக்குக் குட்டியின் விலைக்கே கொடுங்கள்.