பதிவு இருந்தால் பணத்துக்குக் காப்பீடு உண்டா? இல்லை

"ரிசர்வ் வங்கியில் பதிவான ஃபைனான்ஸ் கம்பெனிதானே, மூழ்கினாலும் 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் பணம் போட்டுவிடாதீர்கள். அந்தக் காப்பீடு வங்கி டெபாசிட்டுக்கு மட்டும்தான். வங்கியல்லாத நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதாலேயே டெபாசிட் வாங்கும் அனுமதி இருக்கிறது என்றும் ஆகாது. அது தனி அனுமதி. மிகச் சில நிறுவனங்களுக்கே உண்டு. பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. அவர்களும் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது, 12 மாதத்துக்குக் குறைவாக டெபாசிட் வாங்கக் கூடாது. அப்புறம் சில கம்பெனிகள் ஆசைகாட்டும் "மாதம் 3 சதவீதம்" வட்டி எங்கிருந்து வரும்? டெபாசிட் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள்: பணம் திரும்பி வருவதற்கு ரிசர்வ் வங்கி உத்தரவாதம் தரவில்லை என்றுதான் இருக்கும்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீதுகளோடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். டெபாசிட் போட்டவர்களைப் பாதுகாக்கும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமான டான்பிட் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்க முடியும். காசு கைக்கு வர வருடக்கணக்காகலாம், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.