பைலட் ஆக வீட்டுப் பத்திரமா வேண்டும்?

காசிமேட்டுப் பக்கம் பைலட் என்றால் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவருகிறவர்தான். அதனால் போன வாரம் என் டியூஷனில் பிளஸ் டூ படிக்கும் பையனின் அம்மா வந்து, "சார், இவனுக்கு பைலட் ஆகணுமாம். அதெல்லாம் நம்மால ஆகுமா?" என்று கேட்டதும் நானும் கப்பல் என்றுதான் நினைத்தேன். பையன் கேட்டது விமானம்.

"படிப்பு ஒரு தடையே இல்லக்கா" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள்கூட அந்த இரண்டு பாடத்தையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம். 16 வயதில் மாணவர் உரிமம், 18 வயதில் வணிக விமானி உரிமம். வழிசெலுத்தல், வானிலை, விமான விதிகள் என்று எழுத்துத் தேர்வுகள் உண்டு, 70 சதவீத மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அப்புறம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு நம் கையில் இருக்க வேண்டும். ஒரே பயணமாக 300 நாட்டிகல் மைல் (கடல் மைல், ஒன்று சுமார் 1.85 கிலோமீட்டர்) பறந்து, வழியில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறவும் வேண்டும். நாட்டிகல் மைல் என்றால் என்ன என்று அந்தப் பையனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அப்பா விசைப்படகில் தினமும் அந்தக் கணக்கில்தான் போய்வருகிறார். படகில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு எரிகிறதே, விமானத்தின் இறக்கைகளிலும் அதேதான்.

அந்த நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதால்தான் சொல்கிறேன், ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, நிறக்குறைபாடு இருந்தால் சிக்கல். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து ஒரு பயிற்சி மையத்தில் முன்பணம் கட்டியது. பிறகுதான் பையனுக்கு நிறக்குறைபாடு என்று தெரிந்தது. பணம் திரும்பவில்லை. சேர்க்கும்போதே அந்த மையம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

வணிக விமானி உரிமம் வந்தால் சம்பளத்துக்கு விமானம் ஓட்டலாம். தனியார் விமானி உரிமத்தில் அது முடியாது. பெரிய பயணிகள் விமானம் என்றால் முதலில் துணை விமானிதான், அதற்கும் அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். கேப்டன் ஆக 1500 மணி நேரமும் இன்னொரு உரிமமும் வேண்டும். உழைத்தால் கிடைக்கும்.

கிடைக்காதது பணம். பயிற்சிச் செலவு அரைக்கோடியை நெருங்குகிறது. அடமானம் இல்லாமல் கிடைக்கிற கல்விக்கடனோ பொதுவாக 7.5 லட்சம் வரைக்கும்தான். அதற்கு மேல் வங்கி பத்திரம் கேட்கும். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ஹவுசிங் போர்டு ஒதுக்கீட்டு வீட்டில் தலைமுறையாக இருப்பவர்கள் எந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? தேர்வுகளிலும் மருத்துவத்திலும் தேறிய பிள்ளைக்கு அரசு ஜாமீன் நிற்கட்டும். வேலைக்குப் போனதும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். இலவசமாக யாரும் கேட்கவில்லை.

இதை மனுவாக எழுதி நம் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை டியூஷனுக்கு வாருங்கள். பையன் அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குப் போகிறான்.