'சிக்ஸ் பேக்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்: ஒரு திருத்தம்

கட்டான வயிற்றுத் தசையைக் குறிக்கும் 'சிக்ஸ் பேக்' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கைப் பிரெஞ்சில் 'பக் த சிஸ்' என்று நேரடியாகப் பெயர்த்தாலே போதும் என ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். பணிவுடன் மாறுபடுகிறேன். அந்தத் தொடரைக் கேட்கும் பிரெஞ்சுக்காரருக்கு, கடையில் ஆறு ஆறாகச் சேர்த்து விற்கும் பீர் அல்லது தண்ணீர்ப் போத்தல்கள்தான் நினைவுக்கு வரும். வயிற்றுத் தசைக்கு அவர்கள் பேச்சுவழக்கில் சொல்வது 'தப்லெத் த ஷொகொலா', அதாவது சாக்லேட் பட்டை. பட்டையில் கட்டம் கட்டமாக, நடுவில் பள்ளம் விட்டு எழும்பி நிற்கும் துண்டுகளை நினைத்துப் பார்த்தால் உவமை உடனே பிடிபடும். ஆங்கில உவமையைவிட இதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம்.

இடுப்பின் பக்கச் சதையைச் சொல்லும் 'லவ் ஹேண்டில்ஸ்', 'ப்வாஞே தமூர்' எனச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சிலும் வழங்குவதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

சரிபார்க்க விரும்புவோர் 'பக் த சிஸ்' (pack de six), 'தப்லெத் த ஷொகொலா' (tablettes de chocolat) ஆகிய இரண்டு தொடர்களையும் பிரெஞ்சு எழுத்தில் தனித்தனியே இட்டுப் படங்களைத் தேடலாம். இரண்டாவதுடன் வயிற்றுத் தசையைச் சுட்டும் 'அப்தோ' (abdos) என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உண்மையான சாக்லேட்தான் வந்து நிற்கும். ஆங்கில-பிரெஞ்சு அகராதி கையில் இருந்தால், 'சிக்ஸ் பேக்' என்ற பதிவில் பானத்துக்கும் உடலுக்கும் ஒரே சொல் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.