கைநாட்டுக்குத் திரும்பிய அத்தை

செப்டம்பர் 8 வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் சிலேட்டும் குழந்தையுமாகப் படங்கள் குவியும். உலக எழுத்தறிவு நாள். 1966இல் யுனெஸ்கோ முடிவுசெய்து, மறுவருடத்திலிருந்து கொண்டாடப்படுகிறது. எனக்கு அன்றைக்கெல்லாம் எங்கள் தெரு அத்தை ஒருவரின் நினைப்புதான்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் சூடுபிடித்திருந்த நேரம். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் தொண்டராக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. கலைப்பயணக் குழு வந்து பாடிவிட்டுப் போன மறுநாள், தெருவிளக்கின் அடியில் பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். களையெடுத்துவிட்டு வந்து, உலையை இறக்கிவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வருகிறவர்கள். அத்தை பலப்பத்தைப் பண்ணரிவாள் மாதிரி பிடிப்பார். அழுத்துகிற அழுத்தில் ஒடிந்துபோகும்.

ஆரம்பத்திலேயே 'பட்டா' என்று ஒரு சொல். நான் எழுதிக் காட்டியதும் அத்தை சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுத்தானா தம்பி? இந்த மூணு எழுத்துக்கா தாலுகா ஆபீசுக்கு அம்புட்டு நடை நடந்தேன்?"

அந்த மாதிரிச் சொல்லிலிருந்து தொடங்கும் முறைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அவரவர் பிழைப்பில் புழங்கும் சொல்லை எடுத்து அதிலிருந்து எழுத்துக்குப் போவது அவர் வழி. அடுத்த வருடமே ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் தள்ளியது, பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அவர் யோசனை மட்டும் கடல் தாண்டி எங்கள் தெருவிளக்கு வரை வந்துவிட்டது. அவர் பெயர் அப்போது எனக்கே தெரியாது.

அப்புறம் சைக்கிள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில் பெண்கள் சைக்கிள் பழகுவதும் அறிவொளியில் ஒரு பகுதியானது. லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். வாடகை சைக்கிளில் அத்தை மகள் மிதிக்க, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நான். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது, எனக்கு! இதையெல்லாம் பார்த்துவிட்டு யுனிசெஃப் அறிவொளிப் பெண் ஊழியர்களுக்கு 50 மொபெட் கொடுத்தது. உலக அமைப்புகளின் உதவியில் எனக்குப் பிடித்தது இதுதான். ஊர் தானாக ஓட ஆரம்பித்த பிறகு, பின்னால் கேரியரைப் பிடித்தார்கள்.

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. விழா, மேடை, மாலை. சரி, அதற்கப்புறம்? எங்கள் ஊரில் வாசிக்க ஒரு தாள் வந்து சேரவில்லை. கற்றவர்கள் தொடர்ந்து படிக்க வளர்கல்வி மையம் என்று போர்டு மாட்டினார்கள். கொஞ்ச நாளில் அங்கே யாரோ நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஏழெட்டு வருடம் கழித்து அத்தையுடன் கடன் வாங்க வங்கிக்குப் போனேன். பெயரை எழுத ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். பின்னால் வரிசை நெளிகிறது. கவுண்டரில் இருந்தவர் மைப்பெட்டியைத் தள்ளினார். "இதுல வைம்மா, நேரமாகுது."

தப்பு அத்தையுடையது இல்லை. கற்றுக்கொடுக்க ஒரு வருடம் ஊரையே திரட்டியவர்கள், மறக்காமல் பார்த்துக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை. கியூபாவில் 1961இல் ஒரு லட்சம் இளசுகள் லாந்தர் விளக்கோடு கிராமங்களுக்குப் போய், ஒரே வருடத்தில் 7 லட்சம் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கற்றவர்களை அப்படியே விடாமல் ஆறாம் வகுப்பு வரை கொண்டுபோக அந்த நாடு தொடர்ந்து மெனக்கெட்டதைப் பற்றிப் பேச ஆளில்லை.

உலக மாநாடுகளோ கோர்ட் வாய்தா மாதிரி. 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியனில் கூடி, எழுத்தறியாமையை 2000க்குள் பாதியாக்குவோம் என்றார்கள். 2000இல் செனகலின் டக்காரில் கூடி 2015 என்றார்கள். இப்போது 2030. இன்றைக்கும் உலகில் 70 கோடிப் பெரியவர்களுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது, அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

நம் ஊரிலும் 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. ஐந்து கோடிப் பேருக்கு 1037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தேன், தலைக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. சொல்லிக்கொடுப்பவர்கள் இப்போதும் தன்னார்வலர்கள்தான். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு, சான்றிதழ். தேர்வு எழுதிய பாட்டியின் படம் பேப்பரில் வந்தால் நானும் நெகிழ்ந்துபோகிறேன், பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டி அடுத்த மாதம் எதை வாசிப்பார் என்பதற்கு அந்த 208 ரூபாயில் இடம் இருக்கிறதா? பெரிய எழுத்தில் ஊர்ச் செய்தியோடு வாரம் ஒரு தாள் போதும். நான் கேட்பது அவ்வளவுதான்.

போன மாதம் ரேஷன் கடையில் அத்தையைப் பார்த்தேன். எண்பதை நெருங்கிவிட்டார். இப்போது படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் கைநாட்டுதான், மெஷினில். என் விரலை உடனே எடுத்துக்கொண்டது. அத்தைக்கு ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்தார். தேய்ந்துபோய்விட்டது. கடைக்காரர் நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுவீங்களா ஆத்தா?"

அத்தை என்னைப் பார்த்தார்.