ஒருநாள் செயலமர்வால் குழப்படி தீராது

பிள்ளைகளின் குழப்படியைப் பற்றிப் பெற்றோருக்காகக் கிளிநொச்சியில் நடந்த ஒருநாள் செயலமர்வுக்கு என் மனைவி போய்வந்தார். மங்கள விளக்கு, வரவேற்புரை, தேநீரும் ரோல்சும், விரிவுரை, கடைசியில் குழுப்படம். அங்கே சொல்லப்பட்டவற்றில் தவறேதும் இல்லை. பிள்ளை காரியம் சாதிக்கக் கத்தினால் கவனியாதிருங்கள், நல்லதைச் செய்த உடனேயே எதைச் செய்தான் என்று சொல்லிப் பாராட்டுங்கள், அடிக்காதீர்கள் என்றார்கள். ஆயினும் அந்தப் பாடம் எங்கள் வீட்டில் ஒன்பது நாள்தான் நின்றது. அதற்குக் காரணம் எங்கள் சோம்பல் மட்டுமன்று என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

ஐந்து வயது மகன் பரந்தன் சந்திக் கடையில் ரொபி கேட்பான், இல்லை என்போம். சிணுங்குவான், அதட்டுவோம். மூன்றாவதாக நிலத்தில் விழுந்து கத்துவான். சனம் பார்க்கிறதே என்று வாங்கிக் கொடுப்போம். கத்தினால் கிடைக்கும் என்று அவன் படிக்கிறான்; கொடுத்தால் சத்தம் ஓயும் என்று நாங்கள் படிக்கிறோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் குடும்பங்களை வீடுகளிலேயே அவதானித்த உளவியலாளர் ஜெரால்ட் பற்றர்சன் 1982 இல் விரித்து எழுதியது இந்த இருபக்கப் படிப்பைத்தான்.

இந்தச் சுழலை அறுக்கத் தொடங்கும் வீட்டில் குழப்படி முதலில் கூடவும்கூடும். மூன்றாவது கத்தலுக்குக் கிடைத்தது கிடைக்காதபோது பிள்ளை நான்காவதையும் ஐந்தாவதையும் முயன்று பார்க்கிறது, இதுவரை எறியாத பொருளை எறிகிறது. அந்த வாரத்தில் "இது எதிர்பார்த்ததுதான், பொறுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் ஆறாவது கத்தலில் இறங்கிவிட்டால், பிள்ளை ஆறுமுறை கத்தப் பழகிவிடும். செயலமர்வுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இறங்கியவன் நான்தான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, வேலையால் வந்த களைப்பில் ரொபியை எடுத்து நீட்டினேன். மறுநாள் அம்மம்மாவும் கொடுக்கத் தொடங்கிவிட்டார். என்னையும் அம்மம்மாவையும் செயலமர்வுக்கு எவரும் அழைத்திருக்கவில்லை. அழைப்பில் 'தாய்மார்' என்றே இருந்தது. ஆடைத் தொழிற்சாலைக்கு விடியவே பஸ் ஏறும் தாய்மார் உள்ள ஊரில், பகல் முழுதும் பிள்ளையோடு இருப்பது அம்மம்மாதான் என்பது அழைத்தவர்களுக்குத் தெரியாததா?

முறையான பெற்றோர் பயிற்சி வாரம் ஒருமுறையாக எட்டு வகுப்புகளோ அதற்கு மேலோ நடப்பது. பெற்றோர் அங்கே நடித்துப் பழகி, வீட்டில் செய்து பார்த்து, அடுத்த வாரம் எங்கே சறுக்கியது என்று சொல்வார்கள். ஒரு முறையில் தாய் பிள்ளையோடு விளையாட, பயிற்றுநர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவர் காதிலுள்ள கருவி வழியே சொல்லிக்கொடுப்பார். சைக்கிள் ஓடப் பழகுவதை விரிவுரையால் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். கவனக்குறைவு மிகைச் செயற்பாட்டுக் கோளாறு (ADHD) உள்ள நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்னர் இந்தப் பயிற்சியையே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. எல்லாக் குழப்படிக்கும் இது மருந்தன்று. காது கேளாமையோ ஆட்டிசமோ இருக்கலாம் என்று ஐயம் வந்தால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். கிளுவந்தடியைக் கீழே போடச் சொல்வது சரி, ஆனால் வெறுங்கையோடு நிற்கும் தகப்பன் அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதை ஒரே நாளில் கற்பித்துவிட முடியாது.

எங்கள் கிராமத்து முன்பள்ளி பின்னேரங்களில் பூட்டிக் கிடக்கிறது. பாய்களும் அங்கேயே உண்டு. மண்டபத்துக்கும் பதாகைக்கும் ரோல்சுக்கும் போன காசில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பயிற்றுநர் ஒருவரை அழைத்துத் தேநீரும் கொடுத்திருக்கலாம். அவர் வருவதானால் நானும் மாமியும் முன்பாயில் இருப்போம்.