ஏறாதவருக்கு டிக்கெட் இல்லை

சனிக்கிழமை கலிபோர்னியாவின் கடற்கரை ஊரான சாண்டா குரூஸ் போய் வந்தோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு, ஆறு மாத விசாவில் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மா. சான் ஹோசேயில் கிளம்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. 17-ஆம் நம்பர் மலைச்சாலையில் வளைந்து வளைந்து இறங்கி, நடுவழியில் சின்னவள் வாந்தியெடுத்து, ஒருவழியாகக் கடற்கரைக்கு வந்தால் ஒரே மூடுபனி. அம்மா சேலைக்கு மேல் என் ஹூடியை மாட்டிக்கொண்டாள். கோடைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் இந்தக் கடலுக்கு வருவது ஊருக்குப் புதுசாக வந்தவர்கள் செய்கிற தப்பு என்பார்கள். நாங்கள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

கார் நிறுத்திவிட்டு, போர்டுவாக் என்கிற கடற்கரைக் கேளிக்கைப் பூங்காவை நோக்கி நடந்தபோது அம்மா நின்றுவிட்டாள். "எங்கல டிக்கெட் எடுக்கணும்?"

"எடுக்க வேண்டாம்மா. சும்மா வா."

நம்பவில்லை. உள்ளே வந்த பிறகும் யாராவது கூப்பிடுகிறார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

காரணம் இருக்கிறது. போன தடவை அவள் வந்திருந்தபோது வேறொரு பெரிய பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே வாசலிலேயே ஐந்து பேருக்கும் டிக்கெட். அம்மா ஒன்றிலும் ஏறவில்லை, ஏறவும் முடியாது, முட்டிவலி. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் எங்கள் பைகள், கண்ணாடிகள், செருப்புகள் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டாள். பாதியைத்தான் சொன்னேன். அதையே ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஒரு காபிகூடக் குடிக்கவில்லை.

இந்தச் சாண்டா குரூஸ் போர்டுவாக் 1907-இல் திறந்தது. ஃப்ரெட் ஸ்வான்டன் என்பவர், கிழக்கே நியூயார்க்கில் கோனி ஐலண்ட் என்கிற கடற்கரைக் கேளிக்கைப் பகுதி எப்படியோ அப்படி மேற்கிலும் ஒன்று வேண்டும் என்று கட்டியது. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் ராட்டினங்களும் தீனிக்கடைகளும். அரை மைல் நீளத்துக்கு அவ்வளவுதான். எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் காசு, அல்லது நாள் முழுக்க ஏற ஒரு கைப்பட்டை. கைப்பட்டை ஒன்றும் மலிவு இல்லை. பிள்ளைகளுக்கு இரண்டு வாங்கியதில் என் பர்ஸ் இளைத்துவிட்டது. பார்க்கிங் தனி. ஏதோ தர்மசத்திரம் என்று நினைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. வாசல் என்ற ஒன்று இல்லாததால், ஏறாதவரிடம் யாரும் காசு கேட்பதில்லை.

வேலி போட்டு வாசலில் வசூலிக்கிற யோசனையும் பழசுதான். கோனி ஐலண்டிலேயே 1897-இல் ஜார்ஜ் டில்யூ தன் ஸ்டீபிள்சேஸ் பூங்காவைச் சுற்றி வேலி போட்டு 25 சென்ட் வாங்கினார். 1955-இல் டிஸ்னிலாந்து திறந்தபோது வாசலுக்கு ஒரு டாலர், ராட்டினங்களுக்குத் தனித்தனிச் சீட்டு. ஏறாத பாட்டி ஒரு டாலரோடு தப்பித்துவிடலாம். 1982-இல் அந்தச் சீட்டுகளை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்று ஆக்கினார்கள். பத்துத் தடவை ஏறுகிற பையனுக்கு அது லாபம். பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு?

சரி, ராட்டினத்துக்கு வருகிறேன். ஜயன்ட் டிப்பர் என்ற மரத்தாலான ரோலர் கோஸ்டர், 1924-இல் ஆர்தர் லூஃப் 47 நாளில் கட்டியது. எழுபது அடி உயரம். இந்தக் காலத்து இரும்புப் பூதங்களோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் மரம் சும்மா இருக்காது. வண்டி திரும்பும்போதெல்லாம் தாங்குகிற கட்டையும் கூடவே அசையும், முனகும். நிலையத்தை விட்டதும் கும்மிருட்டுக் குகைக்குள் தள்ளிவிடுகிறார்கள். வெளியே வந்ததும் சங்கிலி கடகடவென்று மேலே இழுக்கிறது. உச்சியில் ஒரு நொடி கடல் முழுசாகத் தெரியும், சங்கிலி விடும், அதோடு சரி. எஞ்சின் கிடையாது, மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்ளும். மணிக்கு 55 மைல் வேகத்தில் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்பதைப் பெரியவன் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கீழே கம்பிவேலிக்குப் பக்கத்தில் அம்மா ஒரு இடம் பிடித்திருந்தாள். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் ஒன்றாகப் பார்க்கிற மாதிரி இடம். அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. "தலைய நல்லா வாரிட்டு ஏறுதாங்க, பேயடிச்ச மாதிரி இறங்குதாங்க. இதுக்குக் காசு வேற." நாங்கள் இறங்கியபோது பக்கத்தில் ஒரு மெக்சிகோ பாட்டி. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை பயந்தான் என்பதில் ஏதோ போட்டி நடந்திருக்கிறது, என்னைக் கைகாட்டிச் சிரித்தார்கள்.

ஆர்தரின் அப்பா சார்லஸ் லூஃப் செய்த குதிரை ராட்டினமும் இங்கேதான் இருக்கிறது, 1911-இலிருந்து. கையால் செதுக்கிய மரக்குதிரைகள், வாலுக்கு நிஜக் குதிரை முடி. வெளிவரிசைக் குதிரையில் உட்கார்ந்தால், சுற்றிக்கொண்டே ஒரு குழாயிலிருந்து இரும்பு வளையத்தை உருவி, எதிரே வாய் பிளந்து நிற்கும் கோமாளியின் வாய்க்குள் எறியலாம். விழுந்தால் விளக்கெல்லாம் மின்னும். இந்த விளையாட்டு ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்க இருந்தது, இன்றைக்கு மிச்சம் இருக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு. சின்னவள் ஏழு வளையம் எறிந்தாள், ஏழும் தரையில். வெளியே நின்று அம்மா கத்தினாள்: "கையத் தூக்காத, மாங்கா அடிக்கிற மாதிரி அடி!" எட்டாவது உள்ளே போனது.

மதியம் மணலில் துண்டை விரித்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும். கடற்காகம் ஒன்று வந்து மகன் கையிலிருந்த அப்பளத்தைப் பறித்துக்கொண்டு போனது. பக்கத்துத் துறைப்பாலத்தின் அடியில் படுத்திருக்கும் கடற்சிங்கங்கள் குரைக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். எந்தத் தெருநாய்க்கு என்ன ஆயிற்றோ என்று அம்மா ரொம்ப நேரம் கவலைப்பட்டாள்.

இதை அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, வாசலில் காசு வாங்கினால்தான் கண்ட கூட்டம் சேராது, சுத்தமாக இருக்கும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கண்ட கூட்டத்தில்தான் என் அம்மா இருக்கிறாள். ஊரில் ஆனித் திருவிழாப் பொருட்காட்சிக்கும் நுழைவுச்சீட்டு உண்டுதான், ஆனால் அது டெல்லி அப்பளத்தின் விலைக்குள் அடங்கும். கோயில் கொடைக்கு வருகிற ராட்டினத்தைச் சுற்றி நிற்கிறவர்களில் பாதிப்பேர் ஏற வந்தவர்களே இல்லை. பேரன் மேலே போகும்போது கீழே நின்று கத்துவதற்கென்றே வந்தவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டால் மேலே போகிறவன் யாரைப் பார்த்துக் கை காட்டுவான்?

கிளம்பும்போது ஜயன்ட் டிப்பரில் எங்களை எடுத்த போட்டோவைத் திரையில் பார்த்தோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை மட்டும் திறந்து. அம்மாவுக்கு அது வேண்டும் என்று ஒரே ஆசை. விலையைக் கேட்டாள், பெருக்கினாள், தன் போனை எடுத்துத் திரையையே ஒரு படம் பிடித்துக்கொண்டாள். இப்போது அது எங்கள் சொந்தக்காரர் வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிற நண்பர்கள் ஒரு தடவை போய் வாருங்கள். பத்து மணிக்குள் போனால் பார்க்கிங் சுலபம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள்.