டேப்பைச் சுற்றிவிட்டால் அது இணைப்பு ஆகிவிடாது

பழைய லாரிக்கு எஞ்சின் வேலை என்றால் கிராங்க் கடைந்து தர ஆள் இருக்கிறார். ஸ்பிரிங் பட்டை அடிக்கவும் பாடி கட்டவும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேய்ந்துபோன ஒரு மின் டெர்மினலை, அதாவது வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பியை, அதற்குரிய அளவில், அதற்குரிய முறையில் மாற்றித் தருவதற்கு மட்டும் ஆளும் கிடைப்பதில்லை, பொருளும் கிடைப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேலண்ட் காமெட் லாரியின் வயரிங்கைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

முன்பக்க கிரில்லைக் கழற்றினால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைப்பிடி அளவுக்கு ஒரு கறுப்பு டேப் உருண்டை. மேல் டேப்பை உரித்தால் உள்ளே இன்னொரு டேப். அதையும் உரித்தால் பசை உருகி வழிந்த பிசுக்குக்குள் நான்கு வயர்களின் முனைகள் வெறுமனே முறுக்கிவிடப்பட்டிருக்கின்றன. டெர்மினல் இல்லை, ஸ்லீவ் இல்லை. இப்படி ஒன்றல்ல, டேஷ்போர்டுக்கு அடியிலும் சேசிஸ் ஓரத்திலும் டெயில் லைட்டுக்குப் போகும் வழியிலும் இதே உருண்டைகள்தான். வண்டிக்குள் கை வைத்த ஒவ்வொருவரும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி, விளக்கு எரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகும் அன்று எரிந்தால் போதும் என்பதே இவர்களுடைய தொழில் அளவுகோல்.

சென்னை எண்ணூரில் 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனம் பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்ஸ் கூட்டில் வளர்ந்தது. அதனால் இந்த வண்டிகளோடு பிரிட்டிஷ் வயரிங் முறையும் இங்கே வந்தது. ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு பித்தளை புல்லட் (தோட்டா வடிவ முனை), அது இறுக்கமாக நுழையும் ரப்பர் உறை போட்ட ஸ்லீவ், நிறத்துக்கு ஒரு பொருள். பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும் வழி, வெள்ளை சாவியைத் திருப்பினால் வருவது, பச்சை ஃபியூஸைத் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சைடு லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும், கறுப்பு எர்த். இரவில் நடுரோட்டில் நின்றாலும் டார்ச் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்தே பழுதைத் தேடிப் பிடிக்கலாம். அப்படிப்பட்ட ஏற்பாட்டில், கையில் கிடைத்தது கறுப்பு என்பதற்காகப் பேட்டரி வழிக்கே கறுப்பு வயரைக் கோத்திருக்கிறார் ஒரு புண்ணியவான். அதை எர்த் என்று நம்பி அடுத்தவர் சேசிஸில் முடுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு நொடியாவது யோசித்திருக்க வேண்டாமா? அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் வழிக்கு ஃபியூஸே கிடையாது. ஷார்ட் ஆனால் காப்பாற்ற எதுவும் இல்லை. வயர்தான் எரியும், பிறகு கேபின் எரியும்.

“எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்று கேட்கிறார்கள். எரிவது வேறு, சரியாக எரிவது வேறு. களிம்பு பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே அரை வோல்ட் தொலைகிறது. அந்தச் சின்ன முனையில் 2.5 வாட் வெப்பமும் உண்டாகிறது. வெப்பத்தில் பித்தளையின் பிடிப்புத் தளர்கிறது, தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் இன்னும் சூடாகிறது. இப்படி வழியெங்கும் கசிந்து பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடுகிறது. பல்பை மாற்று, டைனமோவைப் பார், பேட்டரி போச்சு என்று ஆளுக்கொரு செலவு சொல்லும் எவரும் மீட்டரை எடுத்து ஒவ்வோர் இணைப்பிலும் வைத்துப் பார்ப்பதில்லை.

சரி, நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால் அங்கே அதைவிடக் கொடுமை. இந்த வயரிங்குக்கு வேண்டியது 4.7 மி.மீ. புல்லட். கடையில் எடுத்து நீட்டுவதோ பைக்குக்குப் போடும் 4 மி.மீ. புல்லட். “எல்லாம் ஒண்ணுதான், உள்ள விட்டு பிளையர்ல ஒரு அமுக்கு அமுக்குங்க” என்று கடைக்காரரே சொல்கிறார். ஒன்றல்ல! பழைய ஸ்லீவுக்குள் அது லொடலொடவென்று ஆடும். லாரி ஓடும் அதிர்வில் விட்டு விட்டுத் தொடும், பொறி விடும், கருகும். டெர்மினலைக் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்கிறது. அதாவது பித்தளை நிறத்தில் முலாம் பூசிய இரும்பு. ஒரு மழைக்காலத்தில் அது துருவாகிவிடும். வயரும் அப்படித்தான்: செம்பு என்று கொடுத்ததைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிகிறது. நான் கேட்டது 28/0.30 வயர், அதாவது 0.30 மி.மீ. இழை 28 கொண்டது. தடிமனான உறைக்குள் பாதி இழைகளை வைத்து ஏமாற்றுவதற்குப் பெயர் வியாபாரமா?

டெர்மினலை வயரில் அழுத்திப் பொருத்தும் முறையைப் பற்றிப் பேசினாலே வயிறு எரிகிறது. திறந்த டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: ஒரு ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க, பின்னால் இருப்பது வயரின் உறையைப் பிடித்து அதிர்வைத் தாங்க. அதற்கென்று இருக்கும் கிரிம்பிங் கருவி இறக்கைகளை உள்நோக்கிச் சுருட்டி, இழைகளுக்கு நடுவே காற்றுப் புகாதபடி அழுத்துகிறது. கட்டிங் பிளையரோ எல்லாவற்றையும் தட்டையாக நசுக்குகிறது, அவ்வளவுதான். இன்னும் சிலர் ஈயத்தைக் கொட்டி வயருக்குள் இரண்டு விரற்கடை ஊறவிடுகிறார்கள். ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் சரியாக அங்கேயே ஒடிகிறது. முனையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளிச்சென்று சிவப்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், வயர் நீளம் போதாவிட்டால் புது வயரே இழுக்க வேண்டும். இதைச் செய்யச் சொன்னால் நேரமில்லை என்கிறார்கள். எர்த் முனைக்கு அடியில் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள் என்றால் அதற்கும் முகம் சுளிக்கிறார்கள்.

நான் கூலியில் பேரம் பேசவில்லை. ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் கூலியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இழுத்துப் பார்த்தால் கழன்று வராத இணைப்பாகக் கொடுங்கள். கடைக்காரர்களும் 4.7 மி.மீ. அசல் பித்தளை புல்லட்டும் இரட்டை ஸ்லீவும் ஒரு டப்பாவாவது வாங்கி வையுங்கள். டெயில் லைட் வரைக்குமான பின்பாதி வேலை அது கிடைக்காமல்தான் நிற்கிறது. அதுவரை இந்த வண்டியை இருட்டிய பிறகு ரோட்டில் இறக்க மாட்டேன்.